தூண்டில் றீல் ஆறு மாசத்திலை கரகரக்குது, விலையோ பிழை? (பிறகு இஞ்சின், போட், பிசின் வரைக்கும் போன உரையாடல் இழை)

09.02.2025, இரவு 8.10 (கேள்வி)

தூண்டில் தடியிலை பூட்டி லைன் சுத்துற 4000 அளவு ஸ்பின்னிங் றீல். யாழ்ப்பாணத்திலை பண்ணைப் பாலத்திலையும் மண்டைதீவுப் பக்கமும்தான் பாவிக்கிறது. ஒவ்வொரு முறையும் வீட்டை வந்த கையோடை ஹோஸ் பைப்பாலை நல்லா அடிச்சுக் கழுவித்தான் வைக்கிறன். ஆறு மாசத்துக்குள்ளை சுத்தேக்கை கரகர எண்டுது, லைன் போற சின்ன உருளை சுத்துறதே இல்லை. கடையிலை சொல்லுகினம் மலிவு றீல் எண்டால் உப்பிடித்தானாம். கூடின விலையிலை ஒண்டு வாங்கினால் தப்பலாமோ?

09.02.2025, இரவு 9.25

விலையை விடுங்கோ தம்பி, ஹோஸ் பைப்பை நிப்பாட்டுங்கோ. வேகமா அடிக்கிற தண்ணி வெளியிலை இருக்கிற உப்பைக் கரைச்சு, அந்த உப்புத் தண்ணியையே உருளைக்குள்ளையும் கைபிடி அச்சுக்குள்ளையும் தள்ளி விடுது. தண்ணி காயும், உப்பு நிக்கும். எவ்வளவு விலை குடுத்த றீலும் இந்த அடிக்குக் கொஞ்சம் கூட நாள் நிண்டு பிடிக்கும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: முதல்லை டிராக் (மீன் இழுக்கேக்கை லைனை விட்டுக் குடுக்கிற பிறேக்) திருகை முழுக்க இறுக்குங்கோ, அப்பதான் ஸ்பூலுக்குள்ளை (லைன் சுத்தியிருக்கிற உருளை) இருக்கிற பிறேக் வட்டங்களுக்குத் தண்ணி போகாது. றீலைத் தடியிலை பூட்டினபடியே, கைபிடி கீழ்ப்பக்கம் பாக்கப் பிடிச்சு, மேலாலை மெதுவாத் தண்ணி வாருங்கோ. ஒரு நிமிசம் காணும். வாளிக்குள்ளை ஊறப் போடக் கூடாது. பிறகு ரண்டு உதறு உதறி, பழைய பருத்தித் துணியாலை துடைச்சு, டிராக்கை முழுக்கத் தளர்த்தி நிழல்லை வையுங்கோ. இறுக்கினபடி விட்டால் வட்டங்கள் நசிஞ்சு ஒண்டோடொண்டு ஒட்டும். அடுத்த முறை மீன் இழுக்கேக்கை டிராக் முதல்லை அசையாது, பிறகு ஒரேயடியா விடும். அந்த முதல் குலுக்கலிலைதான் லைன் அறுறது.

உருளைக்குத் தனியா ஒரு வேலை இருக்கு. நடுவிலை இருக்கிற திருகாணியைக் கழட்டினால் உருளை, ஒரு சின்ன பெயாரிங் அல்லது பிளாஸ்டிக் புஷ், ரண்டு மெல்லிய வட்டம் வரும். ஒரு வெள்ளைத் துணியை விரிச்சு அதிலை வச்சுக் கழட்டுங்கோ, வரிசையைப் படம் எடுத்து வையுங்கோ. உங்கடை றீலிலை உள்ளுக்குச் சாம்பல் நிறத்திலை மாப் போலக் கட்டியிருக்கும், அது உப்பும் அலுமினியத் துருவும் சேந்தது. பெயாரிங்கைச் சுத்தமான பெற்றோலிலை ஆட்டி எடுத்து, ஒரு துணியிலை காயவிட்டு, மெல்லிய றீல் எண்ணெய் ஒரு துளி. கையாலை சுண்டினால் சத்தமில்லாமல் சுத்த வேணும். கரகரத்தால் அது முடிஞ்சுது, புதுசு போடுங்கோ. அளவு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு எண்டு மூண்டு எண்ணாலை சொல்லுவினம்.

10.02.2025, காலை 6.50

ராத்திரி எழுதினதோடை சேத்து வாசியுங்கோ: டைவா றீல்களிலை மாக்சீல்ட் எண்டு போட்டிருந்தால் உருளைக்கோ உடம்புக்கோ எண்ணெய் விட வேண்டாம். உள்ளுக்கு இருக்கிறது காந்தத்தாலை பிடிச்சு வச்சிருக்கிற எண்ணெய்ப்படலம். வெளி எண்ணெய் சேந்தால் அது கெட்டுப்போகும். கழுவித் துடைச்சு விட்டால் காணும்.

10.02.2025, இரவு 7.30

புங்குடுதீவிலை இருந்து ஒருத்தர் கேட்டிருக்கிறார், "நல்ல தண்ணியாலை கழுவு எண்டு எல்லாரும் சொல்லுறியள், எங்கடை கிணத்துத் தண்ணியே சவர், என்ன செய்யிறது?" இந்த இழையிலை வந்த உருப்படியான கேள்வி இதுதான். வெளிநாட்டு வீடியோ ஒண்டிலும் இதைச் சொல்லமாட்டினம், அவைக்கு இது பிரச்சினையே இல்லை.

தீவுப்பகுதியிலை கன கிணறு சவர். குடாநாட்டுக்குள்ளை கோப்பாய், நீர்வேலிப் பக்கம் உப்பில்லாட்டிலும் தண்ணி கனம், அடி எல்லாம் சுண்ணாம்புக்கல்லு. கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியுதே, அதே சுண்ணாம்பு றீலிலையும் தடி வளையங்களிலையும் படியும். உப்பு மாதிரி அரிக்காது, ஆனால் வளையத்தின்ரை உட்பக்கம் சொரசொரப்பாகி பிறெயிட் லைனை (பின்னின நூல்) தேய்க்கும்.

வழி லேசு. முதல் அலசல் எந்தக் கிணத்துத் தண்ணியாலையும் செய்யுங்கோ. சவர்த் தண்ணியெண்டாலும் கடல் தண்ணியைவிட உப்புக் குறைவு, பெரும்பங்கு போயிடும். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணி அல்லது குடிக்கிற ஆர்.ஓ. தண்ணி. பூக்கண்டுக்கு அடிக்கிற ஸ்பிறே போத்தலிலை அரை லீற்றர் நிரப்பினால் றீல், வளையங்கள், லூர் (பொய் இரை) எல்லாத்துக்கும் காணும். அடிச்ச ஈரம் காயமுன்னம் துடைக்க வேணும், சொட்டு காய விட்டால்தான் வெள்ளைப் புள்ளி. வீட்டிலை கேக்காமல் ஆர்.ஓ. கானிலை கை வச்சு வாற சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

ஏற்கெனவே படிஞ்ச சுண்ணாம்புக்கு, வினாகிரியும் தண்ணியும் சரிபாதி, துணியிலை நனைச்சு வளையத்தைத் துடைச்சு உடனை அலசுங்கோ. றீலின்ரை அலுமினியத்திலை ஊற விடக் கூடாது.

இன்னொண்டு. ஆடி, ஆவணியிலை கடல்நீரேரியின்ரை உட்பக்கத் தண்ணி வெளிக்கடலைவிட உப்புக் கூட. ஆனையிறவிலை உப்பு விளையிறதே அந்த வெயிலாலைதானே. கோடையிலை அந்தப் பக்கம் போறவை "கடலுக்குப் போகேல்லை, கழப்பிலைதானே" எண்டு கழுவாமல் வைக்கிறது பெரிய மடைத்தனம்.

11.02.2025, மாலை 5.15

டபிள்யூடி-40 அடிக்கலாமோ எண்டு மூண்டு பேர். இறுகின திருகாணியைக் கழட்ட அடியுங்கோ, பிளையரிலை துரு எடுக்க அடியுங்கோ. றீலுக்குள்ளை வேண்டாம். அது இருக்கிற கிறீஸையும் கரைச்சுக் கொண்டு போகும், தான் நிக்கிறதும் கொஞ்ச நாள்தான். பல்லுச் சக்கரத்துக்குக் கிறீஸ், பெயாரிங்குக்கு எண்ணெய். தேங்காய் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய் எண்டு வாறதுகளிலை ரண்டாவது அவசரத்துக்குப் பரவாயில்லை, முதலாவது பிசின் மாதிரி ஒட்டும்.

13.02.2025, இரவு 9.00

கேள்வி கேட்ட தம்பி திருப்பி எழுதியிருக்கிறார்: திறந்து கிறீஸ் நிறையப் பூசினவராம், கரகரப்புப் போச்சாம், இப்ப கைபிடி பின்னுக்கும் சுத்துதாம்.

பின்னுக்குச் சுத்த விடாமல் பிடிக்கிறது ஒரு உருளைப் பெயாரிங். அதுக்குள்ளை சின்னச் சின்ன உருளைகள் ஸ்பிறிங்கோடை சாய்ஞ்சு நிண்டு அச்சைக் கவ்விப் பிடிக்கும். கிறீஸ் போனால் வழுக்கும், கவ்வாது. ரோட்டரை (ஸ்பூலைச் சுத்தி ஓடுற பாகம்) கழட்டினால் அச்சைச் சுத்தி இருக்கும், மூண்டு திருகாணி. முழுசா வெளியிலை எடுங்கோ, உருளைகளைக் கழட்ட வேண்டாம், ஸ்பிறிங் பறந்தால் தேடி எடுக்கேலாது. பெற்றோலிலை ரண்டு முறை அலசி, காயவிட்டு, மெல்லிய எண்ணெய் தடவின ஈக்கிலாலை ஒருக்காத் தொட்டு விடுங்கோ, அவ்வளவும்தான். பூட்டேக்கை பக்கம் மாறினால் கைபிடி முன்னுக்குச் சுத்தாது, பயப்படாமல் திருப்பிப் போடுங்கோ.

பல்லுச் சக்கரத்துக்குக் கிறீஸ் எவ்வளவு எண்டால், பல்லு தெரிய வேணும், பல்லு இடுக்கு மறைய வேணும்.

14.02.2025, காலை 7.05

உந்தப் பெற்றோலை வீட்டுக்குள்ளை, அடுப்படியிலை வச்சு அலச வேண்டாம். முத்தத்திலை, ஒரு மூடியளவு பெற்றோல் காணும்.

16.02.2025, மத்தியானம்

லைனுக்கு வருவம். பண்ணையிலை பாலத்தின்ரை வாய்க்குள்ளாலை நீர் இழுக்கும், பறுவம் (பௌர்ணமி), அமாவாசையை ஒட்டின நாளிலை இன்னும் கூட. கீழை கல்லு, கொங்கிறீற், அதிலை ஒட்டின சிப்பி. பிறெயிட் லைன் இழுவைக்குப் பலம், உரசலுக்கு ஒண்டுமில்லை. சிப்பியிலை ஒருக்காப் பட்டால் சத்தமே இல்லாமல் போகும். ஆனபடியால் 20 இறாத்தல் பிறெயிட்டுக்கு முன்னாலை 40 இறாத்தல் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) அல்லது ஃபுளோரோ, ஒரு பாகம் (ரண்டு கையும் விரிச்ச அளவு) நீளம் லீடராக் கட்டுங்கோ. ஒரு முழம் கட்டுறவை ஏன் கட்டுகினம் எண்டே விளங்குதில்லை. மீன் பாலத் தூணைச் சுத்தினால் அந்த ஒரு முழம் எந்த மூலைக்கு?

சீலாவும் அறக்குளாவும் எந்த லீடரையும் வெட்டும். அதுக்கு ஏழு இழைக் கம்பி, ஒரு சாண் போதும். நீளம் கூடினால் லூர் நீந்தாது, பகலிலை மீனும் கிட்ட வராது. கம்பி ஒருக்கா மடிஞ்சு கண்ணி விழுந்தால் நிமித்திப் பாவிக்க வேண்டாம், மடிஞ்ச இடத்திலைதான் அறும்.

டிராக் எவ்வளவு? உள்ளதுக்குள்ளை பலம் குறைஞ்ச இடத்தின்ரை கால்பங்கு. 20 இறாத்தல் எண்டால் ஏறத்தாழ 9 கிலோ, கால்பங்கு ரண்டே கால் கிலோ. தராசு இல்லாதவை ரண்டு லீற்றர் சோடாப் போத்தலிலை தண்ணி நிரப்புங்கோ, அது ரண்டு கிலோ. றீலிலை இருந்து நேரா லைன் நுனியிலை கட்டித் தூக்குங்கோ. போத்தல் நிலத்தை விட்டு எழும்பி, மெதுவா ஸ்பூல் வழுக்கி இறங்க வேணும். எழும்பாமலே வழுக்கினால் தளர்வு, எழும்பி அசையாமல் நிண்டால் இறுக்கம். மீன் ஓடி ஸ்பூலிலை லைன் குறையக் குறைய அதே திருகலிலை இழுவை கூடும், விட்டம் சுருங்குதல்லவோ. ஆனபடியால் ஓடுற மீனுக்கு இறுக்காதையுங்கோ, தளர்த்துங்கோ.

ஸ்பூலிலை லைன் விளிம்புக்கு ரண்டு மில்லிமீற்றர் கீழை நிக்கோணும். அடியிலை பத்துச் சுத்துத் தங்கூசி போட்டு அதுக்கு மேலை பிறெயிட் சுத்துங்கோ. நேரா பிறெயிட்டைக் கட்டினால் முழுக் கட்டும் ஸ்பூலோடை வழுக்கிச் சுத்தும், டிராக் பழுதெண்டு நினைச்சு றீலைக் கழட்டுவியள்.

16.02.2025, மத்தியானம், பத்து நிமிசம் கழிச்சு

பாலத்திலை நிண்டு வீசுறவை பின்னுக்குப் பாத்து வீசுங்கோ. மோட்டச்சைக்கிள்காரரின்ரை சேட்டு அறக்குளா இல்லை.

18.02.2025, இரவு 8.45

"வீசினால் லைன் குடுமி கட்டுது" எண்டு அரியாலையிலை இருந்து. பிறெயிட் தளர்வாச் சுத்துப்பட்டால்தான் அந்தச் சிக்கல். வீசி முடிஞ்சதும் றீலிலை திறந்து மூடுற வளையக் கம்பியைக் கைபிடியைச் சுத்தி மூடாமல் கையாலை மூடுங்கோ, லைனை ஒருக்கா இழுத்து இறுக்கிப் போட்டுச் சுத்துங்கோ. காத்துக்கு எதிரா மெல்லிய லூர் வீசினாலும் வரும். தடி வளையங்களையும் பாருங்கோ. காது குடையிற பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளையும் சுத்தித் தேயுங்கோ, நூல் இழுபட்டால் அந்த இடத்திலை வெடிப்பு இருக்கு. வெடிச்ச வளையத்தோடை எந்த லைனும் நிக்காது.

தடியின்ரை ரண்டு துண்டும் இறுகிப் போனால் வளையத்தைப் பிடிச்சு முறுக்காதையுங்கோ. பூட்டுற முனையிலை மெழுகுதிரி ஒருக்காத் தேய்ச்சால் அந்தத் தொல்லையே வராது.

21.02.2025, இரவு 7.20

இரை பற்றிக் கேட்டவைக்கு. கொடுவாவுக்கும் செப்பலிக்கும் உயிர் இறாலை மிஞ்ச ஒண்டுமில்லை. தலையிலை கொம்புக்குக் கீழை, ஓட்டுக்கூடாகக் கறுப்பா ஒரு புள்ளி தெரியும். தூண்டில் அந்தப் புள்ளிக்கு முன்னாலை, குறுக்கை போகவேணும். புள்ளியிலை குத்தினால் இறால் அப்பவே சாகும். நீர் இழுக்கிற இடத்திலை வாலின்ரை கடைசிக் கணுவிலை குத்துங்கோ, கொம்புப்பக்கம் குத்தினது வீசேக்கை கழண்டு போகும்.

வட்டத் தூண்டில் போடுறவை மீன் கடிச்சவுடனை தடியை வெட்டி இழுக்கிற பழக்கத்தை விடோணும். லைன் இறுகி தடி தானா வளையும் வரைக்கும் சும்மா சுத்துங்கோ, வாய்க் கோணத்திலை தானாப் பிடிக்கும். வெட்டி இழுத்தால் வாய்க்குள்ளாலை வழுக்கி வெளியிலை வரும்.

இறாலைப் போட்டால் கெளிறும் பேத்தையும் வரும் எண்டதையும் சேத்துக் கணக்கெடுங்கோ. பேத்தை லீடரைக் கடிச்சுத் துண்டாக்கும், வேற இடத்துக்கு மாறுறதுதான் வழி. அதைத் தின்னலாம், தோலுரிச்சால் நஞ்சு போகும் எண்டு சொல்லுறவையை நம்பாதையுங்கோ. சமைச்சாலும் அந்த நஞ்சு அழியாது.

கெளிறுக்கு முதுகிலை ஒண்டு, ரண்டு பக்கச் செட்டையிலை ரண்டு எண்டு மூண்டு முள்ளு. துணியாலை அமத்திப் பிடிக்கிறது பிழை, முள்ளு துணியையும் தாண்டும். பிளையராலை தூண்டிலின்ரை வளைவைப் பிடிச்சுத் தலைகீழாக்கி உதறுங்கோ. குத்தினால் சுடுதண்ணி, தாங்கக்கூடிய சூடு, 45 பாகை செல்சியசுக்கு மேலை வேண்டாம். அரை மணித்தியாலத்திலை இருந்து ஒண்டரை மணித்தியாலம் வரைக்கும் அமிழ்த்தி வையுங்கோ. சூட்டைக் குத்துப்படாத மற்றக் கையாலை பாத்துக்கொள்ளுங்கோ, குத்தின கைக்கு உணர்வு மந்தம், அவிஞ்சு போனாலும் தெரியாது. திருக்கை அடிச்சாலும் முதல் வேலை இதுதான், ஆனால் திருக்கை எண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும். முள்ளுத் துண்டு உள்ளுக்கு நிக்கும்.

24.02.2025, காலை

சரி, போட்டுக்கு வாறன். 14 அடி ஃபைபர் வள்ளமும் 15 குதிரைவலு ரண்டு ஸ்ட்றோக் இஞ்சினும் வாங்கினவர், "கரைக்கு வாறதுக்குள்ளை சூடாகி நிக்குது" எண்டு கேட்டவர்.

இஞ்சின் பின்னாலை ஒரு சின்ன ஓட்டையாலை தண்ணி பீச்சோணும். அது மெலிஞ்சால் உடனை நிப்பாட்டுங்கோ. எங்கடை கழப்பிலை (கடல்நீரேரி) முக்கால்வாசியும் சாதாளை (கடலடிப் புல்லு). இஞ்சின் காலிலை தண்ணி இழுக்கிற சல்லடையிலை ஒட்டி அடைக்கும். தூக்கிப் பாத்து வழிச்சு விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதுக்கும் பீச்சாட்டில் ஓட்டைக்குள்ளை ஒரு துண்டுத் தடிச்ச தங்கூசியை விட்டுக் குத்துங்கோ, மண் அடைச்சிருக்கும். அதுக்கும் சரிவராட்டில் இம்பெல்லர் (தண்ணி இழுக்கிற பம்பின்ரை ரப்பர் சக்கரம்).

ஆழமில்லாத இடத்திலை சேறும் மணலும் சேத்து இழுக்கிறபடியால் ரப்பர் இதழ்கள் கெதியாத் தேயும். வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ, பாக்க நல்லா இருந்தாலும் மாத்துங்கோ. இதழ்கள் ஒரு பக்கம் வளைஞ்சபடி நிமிராமல் நிண்டால் அது செத்தது. கீழ்க் காலைக் கழட்டேக்கை கியர் கம்பியின்ரை இணைப்பை முதல்லை விடுவிக்க வேணும், மறந்து இழுத்தால் கம்பி வளையும். புதுசை சவர்க்காரத் தண்ணி தடவி, அச்சை மணிக்கூடு சுத்துற பக்கம் சுத்திக் கொண்டு மூடியை அமத்துங்கோ. அச்சிலை இருக்கிற சின்னச் சாவித்துண்டு விழுந்தால் தேடி எடுத்துப் போடுங்கோ, அது இல்லாட்டில் அச்சு சுத்தும், இம்பெல்லர் நிக்கும். பழசிலை ஒரு இதழ் உடைஞ்சிருந்தால் அந்தத் துண்டு எங்கை எண்டு கண்டுபிடிக்காமல் பூட்டக் கூடாது. அது மேலை குழாயிலை போய் அடைச்சு, புது இம்பெல்லரோடையும் சூடாக்கும்.

25.02.2025, இரவு 10.10

கழுவுறது. அரைவாசியா வெட்டின பீப்பாவுக்குள்ளை இஞ்சின் காலை விட்டு, சல்லடைக்கு மேலை தண்ணி நிக்கப் பண்ணி, கியர் போடாமல், மெல்லிய ஓட்டத்திலை பத்து நிமிசம். ரண்டு நிமிசத்திலை நிப்பாட்டினால் தெர்மோஸ்டாட் (சூடானால் திறக்கிற தண்ணி வால்வு) திறக்கிறதுக்கு முன்னமே முடிஞ்சிடும், உள்வழிகளிலை உப்பு அப்பிடியே. கடைசியிலை பெற்றோல் குழாயைக் கழட்டி விட்டு, தானா நிக்கும் வரைக்கும் ஓட விடுங்கோ, காபரேற்றரிலை பெற்றோல் நிண்டு பசையாகாது.

எண்ணெய்க் கலவை 50க்கு 1. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர், 5 லீற்றர் கானுக்கு 100. புது இஞ்சினுக்கு முதல் பத்து மணித்தியாலம் இரட்டிப்பு, லீற்றருக்கு 40. டி.சி.-டபிள்யூ3 எண்டு போட்ட எண்ணெய். ஓட்டோவுக்கு விக்கிற டூ-ரி எண்ணெய் காத்தாலை ஆறுற இஞ்சினுக்குரியது, அதை ஊத்தினால் பிளக்கிலையும் பிஸ்டன் வளையத்திலையும் சாம்பல் கட்டும். கலந்தது ஒரு மாசத்துக்கு மேலை நிண்டால் அதை விட்டிட்டுப் புதுசாக் கலவுங்கோ.

26.02.2025, காலை 6.30

குருநகரிலை தொழில் செய்யிற அண்ணை ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "50க்கு 1 எண்டது பெற்றோல் இஞ்சினுக்கு. எங்கடை மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு அதைச் செய்தால் இஞ்சின் இறுகிப் பிடிக்கும். எழுதேக்கை வடிவா எழுதும்." ஓம் அண்ணை, கேட்டவரின்ரை பெற்றோல் இஞ்சின். மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு எண்ணெய்ப் பங்கு கூட, அந்தந்த மொடலின்ரை கையேட்டிலை இருக்கிறதைத்தான் பாக்க வேணும். அதை ஸ்ராட் பண்ணுறது பெற்றோலிலை, சூடாகினாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. நிப்பாட்ட முதலும் பெற்றோலுக்கு மாத்திக் கொஞ்சம் ஓடோணும், இல்லாட்டில் அடுத்த நாள் கயிறு இழுத்துத் தோள் கழரும்.

01.03.2025, மாலை

கியர் ஒயில். இஞ்சினை நேரா நிக்க வச்சு, கீழ்த் திருகையும் மேல் திருகையும் கழட்டி வடிய விடுங்கோ. பால்தேத்தண்ணி நிறத்திலை வந்தால் உள்ளுக்குத் தண்ணி. கழட்டினவுடனை முதல்லை கொஞ்சம் தெளிஞ்ச தண்ணி வந்து பிறகு ஒயில் வந்தாலும் அதே கதைதான், இரவிலை நிண்டு தண்ணி கீழை இறங்கியிருக்கு. நிரப்புறது கீழ் ஓட்டையாலை. மேல் ஓட்டையாலை குமிழ் இல்லாமல் வழியும் வரைக்கும் அமத்தி, முதல்லை மேல் திருகைப் பூட்டி, பிறகு கீழ்க் குழாயை எடுத்துக் கெதியாப் பூட்டுங்கோ. மேலாலை ஊத்தினால் காத்து அடைச்சு அரைவாசிதான் போகும். 15 குதிரைவலு இஞ்சினுக்குக் கால் லீற்றர் அளவிலை முடியும், 90 இலக்கக் கியர் ஒயில். திருகின்ரை சின்ன வட்டங்களை ஒவ்வொரு முறையும் புதுசாப் போடுங்கோ. தண்ணி போற வழிகளிலை மலிவானது அதுதான்.

மற்ற வழி எங்களாலைதான் வருது: அறுந்த தூண்டில் லைன். காத்தாடியின்ரை அச்சிலை சுத்துப்பட்டு, உருகி, ஒயில் சீல் எண்ட ரப்பர் வளையத்தை வெட்டும். மாசத்துக்கு ஒருக்கா காத்தாடி நட்டுக்குக் குறுக்கை போட்டிருக்கிற ஊசியை நிமித்தி எடுத்து, நட்டைக் கழட்டி, காத்தாடியை இழுத்து, பின்னாலை வட்டத்துக்குள்ளை பாருங்கோ. தங்கூசி வெள்ளை நூல் மாதிரித் தெரியாது, கறுத்த வளையமா இறுகி நிக்கும். கத்தியாலை வெட்ட வேண்டாம், சீலிலை படும். நுனியைக் கண்டுபிடிச்சுச் சுத்தி எடுங்கோ. அச்சுக்குக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கோ, ஊசி புதுசு.

இஞ்சின் காலிலை பூட்டியிருக்கிற நாக (துத்தநாக) உலோகத் துண்டுக்குப் பெயின்ற் அடிச்சு அழகு பாக்கிறவை தயவுசெய்து சுரண்டி எடுங்கோ. அது அரிபடுறதுக்காகவே பூட்டினது. பெயின்ற் அடிச்சால் இஞ்சின் கால் அரிபடும். அரைவாசி கரைஞ்சால் மாத்துங்கோ.

03.03.2025, இரவு

இரவிலை கழப்புக்குள்ளை ஓடுறவைக்கு: களங்கண்டி, சிறகுவலை எண்ட நட்டு வச்ச மீன்பிடி வலையளின்ரை கம்புகள் வெளிச்சமில்லாமல் நிக்கும். மெல்ல ஓடுங்கோ, அணியத்திலை (போட்டின்ரை முன்பக்கம்) ஒருத்தர் ரோச்சோடை இருக்கோணும். அந்தக் கம்பிலை போட்டைக் கட்டுறது, வலைக்குக் கிட்டத் தூண்டில் போடுறது ரண்டும் செய்ய வேண்டாம். எங்களுக்குப் பொழுதுபோக்கு, அது ஒருத்தரின்ரை சோறு. போட்டுக்குக் கடற்றொழில் திணைக்களப் பதிவு எடுத்து இலக்கத்தை எழுதி வையுங்கோ, நடுக்கடலிலை நேவியோடை கதைக்கிறதைவிட அது லேசு.

06.03.2025, இரவு 9.40

ஃபைபர் வெடிப்பு. முதல்லை, எந்த வெடிப்பு? மயிர்க் கோடு போல மேற்பூச்சிலை மட்டும் பரவியிருந்தால் அவசரமில்லை. வெடிப்பை ரண்டு பக்கமும் அமத்த அசைஞ்சால், உள்ளுக்கு ஈரம் கசிஞ்சால், நாரே போயிட்டுது.

உப்புப் போக நல்ல தண்ணியாலை கழுவி, குறைஞ்சது ரண்டு மூண்டு நாள் காயவிடுங்கோ. வெடிப்பைச் சுத்திச் சரிவா அராவுங்கோ. தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலம் வேணும், கால் அங்குலத் தடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் மூண்டு அங்குலம். வெடிப்புக்கு மேலை சும்மா ஒரு துண்டை ஒட்டினால் அடுத்த அலைக்கே தோலா உரியும். அராவின தூசைத் துடைச்சு அசிற்றோன் போட்டுத் துடைச்ச பிறகு அந்த இடத்திலை கை வைக்க வேண்டாம்.

450 கிராம் பாய் (சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள கண்ணாடி நார்) எண்டு கேட்டு வாங்குங்கோ. ஒரு சதுர அடி ஏறத்தாழ 42 கிராம் வரும், அதுக்குப் பிசின் ரண்டே கால், ரண்டரை மடங்கு, அதாவது ஒரு அடுக்குக்கு 100 கிராம். கடினமாக்கி (பிசினை இறுக்கிற திரவம்) எங்கடை வெக்கைக்கு 100 கிராம் பிசினுக்கு ஒரு மில்லிலீற்றர், ஊசியாலை அளந்து விடுங்கோ. கண்ணாலை பாத்து ஊத்தினால் பேணிக்குள்ளையே புகைஞ்சு கல்லாகும். கலந்ததை ஆழமான பேணியிலை வைக்காமல் தட்டையான தட்டிலை ஊத்தினால் இன்னும் சில நிமிசம் கிடைக்கும். கோபால்ட் (இறுகிறதைக் கெதியாக்கிற திரவம்) தனியாத் தந்தால் அதை முதல்லை பிசினுக்குள்ளை நல்லாக் கலக்கி முடிச்சுத்தான் கடினமாக்கி. ரண்டையும் நேருக்கு நேர் சேத்தால் வெடிக்கும். இது பகிடி இல்லை. கடினமாக்கி கண்ணிலை தெறிச்சால் பார்வை போகும், கண்ணாடி போடுங்கோ, பக்கத்திலை ஒரு வாளி தண்ணி.

பிசினை முதல்லை பூசி, பாயை வச்சு, தூரிகையாலை குத்திக் குத்தி நனையுங்கோ. தேய்த்தால் நார் கலையும். வெள்ளையாத் தெரியிற இடமெல்லாம் காத்து. ஒரே மூச்சிலை மூண்டு அடுக்குக்கு மேலை போட வேண்டாம், சூடேறி வளையும். கடைசி அடுக்கு எப்பவும் பிசுபிசுக்கும், காத்துப் படுறபடியால் அப்பிடி. மெழுகு கலந்த மேற்பூச்சு அடிச்சால் காயும்.

07.03.2025, காலை

"சுறா எண்ணெய் பூசினால் காணாதோ?" எண்டு ஒரு பெரியவர். ஐயா, அது மர வள்ளத்துக்கு. ஃபைபரிலை பூசினால் எண்ணெய்ப் பிடிச்ச இடத்திலை பிறகு எந்தப் பிசினும் ஒட்டாது. மணத்துக்குப் பூனைதான் வரும்.

09.03.2025, இரவு 8.00

கடைசியாக் கேட்டவர், இஞ்சின் பூட்டுற பின்பலகை மெத்தெண்டு இருக்குதாம். ஒரு சின்னச் சுத்தியலாலை மேலை இருந்து கீழை தட்டிக்கொண்டு வாருங்கோ. நல்ல இடம் கணீர் எண்டும், உக்கின இடம் மந்தமாக் கேக்கும். போல்ட் ஓட்டையைச் சுத்தித்தான் தொடங்கும், அதுக்குள்ளாலைதான் தண்ணி உள்பலகைக்குப் போறது. ஓட்டைக்குப் பக்கத்திலை மட்டும் எண்டால், போல்டைக் கழட்டி, காயவிட்டு, ஓட்டையைப் பெருசாத் துளைச்சு, பிசின் பசையாலை அடைச்சு, திருப்பித் துளைச்சு, சீலன்ற் போட்டுப் பூட்டலாம். உள்ளங்கை அகலத்துக்கு மேலை மந்தமாக் கேட்டால் பலகை மாத்தத்தான் வேணும், அதோடை ஓட வேண்டாம், இஞ்சினோடை சேத்துக் கழண்டு போகும்.

எந்தப் பிசின் வேலை எண்டாலும் இப்ப செய்யுங்கோ. வாடை முடிஞ்சுது, மழை இல்லை, ஈரப்பதன் குறைவு. காலமை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முன்னம் முடியுங்கோ, இல்லாட்டில் வெயில் சாய்ஞ்சாப் பிறகு. வைகாசியிலை சோளகக் காத்து எழும்பினால் ஈரப் பிசினிலை மணல் வந்து ஒட்டும், அதை அராவி எடுக்கிறது வெடிப்பை ஒட்டுறதைவிடக் கூட வேலை.